முன்மொழியாததை வழிமொழிவோர்

தெரிந்ததைச் சொல்பவர்கள் உலகத்தில் உண்டு. தெரியாததைச் சொல்பவர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டிலும் சேராமல், எதையுமே சொல்லாமல், ஆனால் எல்லா இடத்திலும் பேசிவிட்டுப் போகிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு வழிமொழிவார் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனம் கொழுத்து வளரும் இடம் எது என்று கேட்டால் எங்கள் இணையக் குழுவைத்தான் காட்டுவேன். எச்.ஐ.வி.க்கு மருந்து எழுதித் தரும் மருத்துவர்களுக்கென்றே உண்டாக்கிய குழு. தலைநகர் லீமாவின் பேராசிரியர்கள், இங்கே ஆற்றோரக் காட்டு நகரமான இக்கீத்தோஸில் எங்களைப் போன்றவர்கள், ஆற்றின் மேல்பக்கத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர்கள் என்று நானூற்றுச் சொச்சம் பேர். சிக்கலான நோயாளி வந்தால் கேட்கலாம், தெரிந்தவர் சொல்லலாம் என்பது ஏற்பாடு. கேட்பதில் இதுவரை குறை வைத்ததில்லை.

வழிமொழிவாரை எப்படி அடையாளம் காண்பது? கோழி கூவுமுன் சூரியகாந்திப் பூப் படத்தோடு காலை வணக்கம் போடுவார், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக், யாராவது மாநாட்டு வாசலில் நின்று படம் எடுத்துப் போட்டால் கைதட்டல், யாராவது நோயாளியைப் பற்றிக் கேட்டுவிட்டாலோ "மிக முக்கியமான கேள்வி, டாக்டர்!" என்று ஒரு வரி, அதன் அடியில் நூற்றிருபது பக்க வழிகாட்டி நூல், அதன் அடியில் தம்முடைய பெயர், பெயருக்கு அடியில் பட்டங்கள், பட்டங்களுக்கு அடியில் அடுத்த வியாழக்கிழமை அவர் இணையத்தில் உரையாற்றப்போகும் கூட்டத்தின் அழைப்பிதழ். விடை? அந்த நூற்றிருபது பக்கத்துக்குள் எங்கேயோ இருக்கும். தேடினால் கிடைக்காமலா போகும்!

எங்கள் குழுவில் இவர்களுக்கெல்லாம் தலைவர் டாக்டர் அனீபல் சுமயேட்டா. எங்கள் மருத்துவமனையில் மூத்தவர். கெட்ட மனிதர் இல்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார். ஆனால் குழுவுக்குள் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அவர் வாயைத் திறக்கும்வரை யாரும் திறப்பதில்லை. அவர் திறந்தபின் எல்லாரும் "டாக்டர் சுமயேட்டா சொன்னதையே வழிமொழிகிறேன்" என்று எழுதுவார்கள். அவர் என்ன சொன்னார் என்று பார்ப்பது மரியாதைக் குறைவு.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, உக்கயாலி ஆற்றோரச் சிறு மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து டாக்டர் நெய்தா தபுயிமா எழுதினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். நோயாளிக்கு முப்பத்தோரு வயசு. எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் தினம் ஒண்ணு சாப்பிடறார். ரெண்டு வாரமா காசநோய்க்கு ரிஃபாம்பிசினும் குடுக்கறேன். அது இந்த மருந்தோட சக்தியக் குறைச்சிடும்னு எங்கயோ படிச்ச ஞாபகம். கூட ஒரு மாத்திரை சேக்கணுமா, ஒண்ணே போதுமா? மரம் வெட்டற முகாம்ல சமையல்காரர். பன்னெண்டு மணிப் படகுல போயிட்டா ரெண்டு மாசம் வர மாட்டார். இங்க சிக்னல் மோசம், ஃபைல் எதுவும் தெறக்காது. எழுத்துலயே சொல்லிடுங்க, ப்ளீஸ்."

ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. அந்தச் சொல் தவறிப்போனால் இரண்டு மாதம் அரைகுறை மருந்தோடு அந்த ஆள் காட்டுக்குள் இருப்பார். கிருமி தலைதூக்கும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

அப்போது நானும் சுமயேட்டாவும் மருத்துவமனைச் சிற்றுண்டிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, வாழைக்காயை இடித்து உருட்டிய தக்காச்சோ சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார்: "மிக முக்கியமான கேள்வி, டாக்டர்! ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு உலகம் என்பதை மறக்கலாகாது." கூடவே அந்த நூற்றிருபது பக்க நூல்.

"டாக்டர், பதில் சொல்லலியே?" என்றேன்.

"பதிலா? நான் விவாதத்தத் தொடங்கி வெச்சிருக்கேன்யா. நாமளே சொல்லிட்டா பசங்க எப்பப் படிப்பாங்க?"

"படகு பன்னெண்டுக்கு."

"நம்ம ஊருப் படகு என்னைக்குய்யா பன்னெண்டுக்குக் கெளம்பியிருக்கு? அந்த மெளகாய இப்படித் தள்ளு."

பிறகு மழை கொட்டியது போல் வந்தன. வழிமொழிகிறேன், வழிமொழிகிறேன், முழுமையாக வழிமொழிகிறேன். ஒருவர் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கேட்டார். ஒருவர் நோயாளியைப் பழிக்கும் சொற்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டார்; யாரும் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. மொத்தம் முப்பத்தெட்டு பேர்.

பதினொன்று ஐம்பதுக்கு நெய்தா எழுதினாள்: "ரொம்ப நன்றி. எல்லாரும் ஒத்துப்போறீங்க, கூட்டச் சொல்லி யாரும் சொல்லல. அப்ப ஒண்ணே போதும்னு எடுத்துக்கறேன்."

அதற்கும் கட்டைவிரல்கள் உயர்ந்தன. அன்றைக்குப் பார்த்து படகு சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியது.

பன்னிரண்டேகாலுக்கு எங்கள் மருந்தகத்து எதித் பனாய்ஃபோ குழுவைத் திறந்தாள். அவள் மருத்துவர் இல்லை. எந்த மருந்து கையிருப்பு இருக்கிறது என்று வாரம் ஒருமுறை சொல்வதற்காக அவளைச் சேர்த்திருந்தார்கள். வணக்கம்கூட வைக்காமல் எழுதினாள்: "ஒண்ணு போதாது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரிஃபாம்பிசின் முடிஞ்சும் ரெண்டு வாரம் அப்படியே குடுக்கணும். ஆள் எங்க?"

ஆள் ஆற்றின் நடுவே, படகில் கட்டிய ஊஞ்சல் வலையில் படுத்திருந்தார். எதித் அடுத்த படகுத்துறையிலிருக்கும் மருத்துவ நிலையத்தை வயர்லெஸ்ஸில் பிடித்தாள். அங்கிருந்த நர்ஸ் மழையில் நனைந்தபடி கரையில் காத்திருந்து, படகில் ஏறி, நூறு பேர் காதில் விழ, ஆனால் ஒருவருக்கும் எதுவும் விளங்காதபடி சொன்னாளாம்: "ஏண்ணே, பொட்டலத்துல பாதிய அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களே! இந்தாங்க. வெளிய வாங்க, எப்படிச் சாப்பிடணும்னு சொல்றேன்."

மாலையில் சுமயேட்டா குழுவில் எழுதினார்: "சகோதரி எதித்துக்கு நன்றி. ஆயினும் ஆதாரம் குறிப்பிடாமலும், வணக்கம் கூறாமலும் கருத்திடுவது நம் மரபல்ல." அதையும் முப்பத்தெட்டு பேர் வழிமொழிந்தார்கள். அதன்பிறகு நெய்தா குழுவில் கேள்வியே கேட்பதில்லை. நேராக எதித்துக்குப் போன் போடுகிறாள்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த முப்பத்தெட்டில் ஒன்று என்னுடையது. காலையிலும் சரி, மாலையிலும் சரி. விடையும் எனக்குத் தெரியும். நான்கு வருடமாக அதைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூத்தவர் எதிரே உட்கார்ந்து மிளகாய் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவரை முந்திக்கொள்வது அழகாயிருக்காது என்று பட்டது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நல்லவேளை, நீங்கள் அந்த ரகம் இல்லை. படித்துப் பார்த்து, யோசித்து, அதன்பிறகே ஒப்புக்கொள்கிறவர். அப்படியானால் ஒன்று கேட்கட்டுமா? நெய்தா ஒரு மாத்திரையே போதும் என்று முடிவுக்கு வந்தபோது அடடா என்று தலையை ஆட்டினீர்களே, அதற்கு முன்னால், முப்பத்தெட்டு பேர் பேசிக்கொண்டிருக்கையில், பக்கத்தில் யாரிடமாவது "ஏய், இதுக்கு யாராவது பதில் சொல்லுங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னீர்களா?