மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஒரு பீரோ

கல்யாணமானால் பெண்தான் பிறந்த வீட்டை விட்டு அழுதுகொண்டே போவாள் என்பது ஊர் உலக வழக்கம். காரைக்காலில் எங்கள் ஆட்களிடம் அது தலைகீழ். இங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன் மாப்பிள்ளை. ஆண்பிள்ளை என்பதால் அழக்கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம். (நான் வந்த புதிதில் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு... சரி, அது இங்கே வேண்டாம்.)

என் மனைவி ஜெமீலாவின் வீட்டுக்கு நான் வந்து சில வருடங்கள் ஆகியும், என்னை நம்பி அங்கே ஒரு காரியம்கூட ஒப்படைத்ததில்லை. மாமனார் தங்கமான மனிதர். ஆனால் நான் எதற்காவது எழுந்தால் போதும், "தம்பி, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வேறு யாரையாவது அனுப்பிவிடுவார். மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன். அவநம்பிக்கை என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதனால்தான் ஜெமீலாவின் தம்பி ரியாஸ் துபாயிலிருந்து தன் கல்யாணத்துக்கு வந்தபோது, எல்லாரும் கூடிப் பேசிய இடத்தில் நான் எழுந்து நின்றேன்.

"மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குக் குதிரையிலதான் போகணும். குதிரை என் பொறுப்பு!"

ஜெமீலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடவே ரெண்டு ஆள் வேணும்."

மாமனார் வாய் திறப்பதற்குள் நான் பக்கத்து ஊரான பூவத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். அங்கே கல்யாணம், கோயில் விசேஷங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் செல்வம் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் இரண்டு வெள்ளைக் குதிரைகள், ராஜா, மந்திரி என்று. மந்திரியைக் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பேசியாகிவிட்டதாம். ராஜாவை எனக்குக் கொடுத்தார்.

நான் புத்திசாலி அல்லவா? ஊர்வலத்துக்கு நாலைந்து நாள் முன்பே குதிரை எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், தெருவுக்கும் ஆட்களுக்கும் பழகட்டும் என்றேன். செல்வத்துக்கு அதில் சந்தோஷம்தான்.

"பச்சப்புள்ள மாதிரிங்க. எங்க கட்டுனாலும் நிக்கும். உங்களுக்குக் குதிரை பழக்கம் உண்டுல்ல?"

"ஓ!" என்றேன். (பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஒரு சுற்று. அதிலும் பாதியில் இறக்கிவிடச் சொல்லிவிட்டேன்.)

ராஜாவை எங்கள் கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டினோம். செல்வத்தின் வண்டி தெரு திரும்பும்வரை அது சும்மாதான் நின்றது. பிறகு தலையைத் தூக்கி ஒரு கனைப்புக் கனைத்தது பாருங்கள்! அடுப்படியில் மாமியார் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அதோடு நிற்கவில்லை. கயிறு எட்டுகிற தூரம்வரை முன்னும் பின்னும் நடந்தது. கொள்ளைத் தொடவில்லை, புல்லைத் தொடவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. பத்திரிகை கொடுத்ததற்குப் பதில் மரியாதையாகப் பார்க்க வந்த உறவுக்காரர்கள், பேச்சை ஆரம்பிப்பதும் கனைப்புக்காக நிறுத்துவதுமாக ஒரு டம்ளர் டீயை முக்கால் மணி நேரம் குடித்தார்கள்.

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க, மந்திரியத் தேடுது. ரெண்டும் குட்டியிலேருந்து ஒண்ணாவே நின்னதுங்க. புது எடம், கூட ஆள் இல்ல, பயப்படும். நான் சொல்லலியா?"

சொல்லவில்லை. சொன்னால் நான் எடுத்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. வெல்லம் கொடுத்தேன், கேரட் கொடுத்தேன், கழுத்தைத் தடவினேன், கல்யாண ஊர்வலத்தில் பாடுகிற பைத் பாட்டு போட்டுக் காட்டினேன். அந்த நாட்களில் ரியாஸும் சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லைப்பக்கம் வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, குதிரையையே பார்த்துக்கொண்டு நிற்பான். "என்ன மச்சான், இன்னைக்கும் சாப்புடலயா?" என்று கேட்பான். அவனும்தான் சாப்பிடவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. எனக்கு அப்போது உலகத்தில் ஒரே ஜீவன், ராஜா.

காப்பாற்றியது வெள்ளையடிப்பு! கல்யாண வீடு என்று எல்லா அறைக்கும் சுண்ணாம்பு அடிக்க, சாமான்களைக் கொல்லையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். எங்கள் கல்யாணத்துக்கு ஜெமீலா வீட்டில் வாங்கிய இரும்பு பீரோவும் வந்தது. கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ. அதை முருங்கை மரத்துக்கு எதிரே வைத்ததுதான் தாமதம், ராஜா கனைப்பை நிறுத்தியது. காதுகளை முன்னால் நீட்டியது. மெதுவாகப் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்தது. உள்ளேயும் ஒரு வெள்ளைக் குதிரை மூக்கை வைத்தது. மந்திரி வந்துவிட்டது! நான் துள்ளிக் குதித்தேன். ராஜா குனிந்து ஒரு வாய் புல் எடுத்து, நிமிர்ந்து, எதிராளியும் சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டு, மென்றது. மாமனார்கூட வந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே தம்பி" என்றார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் பாராட்டு.

சுண்ணாம்பு காய்ந்தது. எல்லாச் சாமானும் உள்ளே போயின, பீரோவைத் தவிர. ஜெமீலா நகைகளை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். தலை வார வேண்டுமென்றால் சீப்போடு கொல்லைக்குப் போவாள். கண்ணாடியில் பாதி அவள் முகம், பாதி குதிரை முகம். "கல்யாணத்துக்கு வாறவங்க எல்லாம் மாப்பிள்ளையோட லாத்தா, அக்காக்காரி எங்கன்னு கேட்டா, தொழுவத்துல இருக்கான்னு சொல்லுங்க" என்பாள்.

ஊர்வல நாள் வந்தது. மாலை அசர் தொழுகை முடிந்து, தஃப் மேளம் அடித்து பைத் பாடுகிறவர்கள் வாசலில் அணிவகுத்துவிட்டார்கள். ஷெர்வானியும் தலைப்பாகையும் மாலையுமாக ரியாஸ் குதிரையில் ஏறினான். அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். பெண் வீடு நாலு தெரு தள்ளித்தான். நான் கடிவாளத்தைப் பிடித்து, "நட ராஜா!" என்றேன்.

ராஜா வாசல்வரை வந்தது. நின்றது. திரும்பியது. மாப்பிள்ளையோடு நேரே கொல்லைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டது. இழுத்தேன், தள்ளினேன், கெஞ்சினேன். மூன்று முறை வாசல், மூன்று முறை கொல்லை. மேலே இருந்த ரியாஸ் வீட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "காரை எடுக்கச் சொல்லட்டுமா தம்பி?" என்று மாமனார் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

கல்யாணச் சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வாசலில் நின்றது. (அந்தச் சின்ன லோடு வண்டியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) நாலு பேரைக் கூப்பிட்டு பீரோவை அதில் ஏற்றி, கண்ணாடி பின்பக்கம் பார்க்க நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டினேன். ஜெமீலா உள்ளே பெண்களோடு இருந்ததால் அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்பதும் உண்மைதான்.

வண்டி நகர்ந்தது. ராஜா பின்னாலேயே நடந்தது! என்ன நடை! தலையைத் தூக்கி, வாலை வீசி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்! முன்னால் பைத், அடுத்து குட்டி யானை, அதன்மேல் பீரோ, பின்னால் குதிரையில் மாப்பிள்ளை, பக்கத்தில் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். என் திறமைக்கு ஊரே கைதட்டுகிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது தெருவில் பெண்ணின் அண்ணன் பைக்கில் எதிரே வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"என்னங்க இது? மாப்பிள்ளை ரூமுக்கு வேண்டியதெல்லாம் பொண்ணு வீட்டுலதானே வைக்கிறது? எங்களுக்கு ஒரு பீரோ வாங்கக்கூடவா வக்கில்ல? ஊரு பூரா வாட்ஸ்அப்ல சிரிக்குது! வாப்பா கொதிச்சுப்போய் இருக்காங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பீரோவோடு போவது, பெண் வீட்டாரைத் தெருவில் வைத்து அவமானப்படுத்துவது மாதிரி. நான் அவசரமாகச் சமாதானம் சொன்னேன்.

"ஐயையோ, பீரோ மாப்பிள்ளைக்கு இல்லீங்க, குதிரைக்கு!"

அவன் என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தான். "குதிரைக்கு எதுக்குங்க பீரோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கல்யாணம் நின்றுவிடுமோ என்று யோசித்துக்கொண்டே கடிவாளத்தைப் பிடித்து நடந்தேன்.

பெண் வீட்டுத் தெரு முனையில் ஒரு வேகத்தடை. குட்டி யானை ஏறி இறங்கியது. பூட்டாத பீரோ ஆயிற்றே, கயிறு நழுவிக் கதவு படாரென்று திறந்தது. ஜெமீலாவின் புடவைகளும், மேற்கொண்டு நான் இங்கே சொல்லக்கூடாத துணிகளும் பின்னால் வந்த எங்கள்மேல் விழுந்தன. அதுகூடப் பரவாயில்லை. கதவு திரும்பியதில் கண்ணாடியும் திரும்பிவிட்டது. மந்திரியைக் காணோம்!

ராஜா அலறியது. ஒரு சுற்றுச் சுற்றியது. தெரு முனையில் ஒரு சலூன், சுவர் முழுக்கக் கண்ணாடி. அங்கே ஒரு வெள்ளைக் குதிரை நிற்பது அதற்குத் தெரிந்துவிட்டது. கடிவாளம் என் கையிலிருந்து பறந்தது. "மச்சான்!" என்ற ரியாஸின் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ராஜாவின் முன்பாதி சலூனுக்குள், பின்பாதி தெருவில். ரியாஸ் குதிரைக் கழுத்தோடு படுத்திருந்தான், தலைப்பாகை தரையில். நாற்காலியில் பாதி முகம் நுரையோடு ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் குதிரை முகம், அதற்கு மேலே மாப்பிள்ளை முகம்.

அவர் பெண்ணின் தகப்பனார், கொதித்துப்போன அதே வாப்பா. ஊர்வலம் எப்படியும் தாமதமாகத்தான் வரும் என்று கடைசி நேரத்தில் முகம் திருத்த வந்தவர்.

"பீரோ, இப்ப குதிரை. அடுத்தது என்னா?" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. குரலில் நெருப்பு.

ரியாஸ்தான் பேசினான். அந்த ஒரு கத்தலைத் தவிர, அன்று முழுக்க அவன் பேசிய முதல் பேச்சு.

"மாமா, இது மேல தப்பில்ல. புது எடத்துக்கு வந்து பயந்துபோய் இருக்கு. கூட இருந்தத தேடுது. அந்தக் கண்ணாடியப் பாத்தா கொஞ்சம் அடங்கும், அதான் மச்சான் பீரோவத் தூக்கிட்டு வந்தாங்க." ராஜாவின் கழுத்தைத் தடவினான். "எனக்கும் அப்படித்தான் மாமா இருக்கு. நாலு நாளா ஒரு வாய் எறங்கல."

பெண்ணின் வாப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து நுரையைத் துடைத்தார்.

"நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த புதுசுல, தொழுவப் போறேன்னு சொல்லிட்டு எங்க உம்மா வீட்டு வாசல்ல போய் நிப்பேன். ரெண்டு தெரு. ரெண்டே தெரு மாப்புள! யார்ட்டயும் சொன்னதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "எறங்குங்க. என் கூட நடந்து வாங்க."

ஒரு பக்கம் மழித்த முகத்தோடு அவர் ரியாஸின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போனார். பைத் மறுபடி ஆரம்பித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நான் மட்டும் போக முடியவில்லை. ராஜா கண்ணாடியை விட்டு நகர மறுத்தது, பொறுப்போ என்னுடையது. நிக்காஹ் முழுவதையும் ஒலிபெருக்கியில் கேட்டேன், சலூன் நாற்காலியில், கையில் கடிவாளத்தோடு. நாலு பேரோடு ஒரே சகனில், அந்தப் பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பிரியாணியை மாமனாரே ஒரு தட்டில் கொண்டுவந்தார். "குதிரைக்கும் ஏதாச்சும் வேணுமா தம்பி?" என்று கேட்டார்.

மறுநாள் செல்வம் மந்திரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டும் கழுத்தோடு கழுத்து உரசி நின்றதைப் பார்க்கத் தெருவே கூடியது. அது முடிந்ததும் ஜெமீலா என் பக்கம் திரும்பினாள்.

"பீரோ எங்கங்க?"

பின்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் குட்டி யானைக்காரர் நேரே பெண் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்த பையன்கள் தெரு முனையில் சிதறிய புடவைகளையும் பொறுக்கிவந்து உள்ளே திணித்து, பீரோவை மாப்பிள்ளை அறையிலேயே வைத்துவிட்டார்கள். என்னைத் திட்டிக்கொண்டே அதை ஏற்றி அனுப்பச் சொல்ல ஆட்டோ பிடித்துப் போன ஜெமீலா, ஒரே ஒரு புடவையோடு திரும்பினாள்.

"இருக்கட்டும்" என்றாள். எனக்கு ஆச்சரியம்.

"அந்த ரூம்ல அவனுக்குத் தூக்கமே வரலியாம். பீரோ கதவத் தொறந்து வச்சதும் நம்ம வீட்டு அத்தர் வாசம் வந்துச்சாம். அப்பறம்தான் தூங்குனேன் லாத்தான்னு சொல்றான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பீரோ இன்றும் அங்கேதான் இருக்கிறது. விசேஷம் வந்தால் ஒரு புடவை எடுக்கத் தம்பியின் மாமியார் வீட்டுக்கு ஆட்டோவில் போகிறவள் காரைக்காலிலேயே இவள் ஒருத்திதான். அந்த ஆட்டோவில் நானும் போகிறேன், புடவையைப் பிடித்துக்கொள்ள. எங்கள் குடும்பத்தில் இப்போதெல்லாம் யாருக்காவது மாப்பிள்ளை பேசினால், "பையன் புது வீட்டுல ஒட்டிக்குவானா?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். பெரியவர்கள் சிறியவர்கள் எல்லாரும் என் பக்கம் கையை நீட்டி ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

"அதுக்கென்ன, இவர்ட்ட சொன்னா பீரோவோட அனுப்பிவைப்பாரு."