மாப்பிள்ளை சொன்ன அல்ஹம்துலில்லாஹ்

“ஒரு சம்பந்தம் வந்திருக்கு, மாப்பிள்ளை” என்றார் காதர் பீவி.

சொல்லிவிட்டு வசந்தனின் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். கோப்பை ஆடிக் கொஞ்சம் சிந்தியது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வசந்தன் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றுவிட்டான்.

“எங்கேருந்து மாமி?”

“துணிக்கடை சுப்ஹான் வீடு. அவர் தங்கச்சி ஜமீலா வந்து கேட்டுச்சு. நல்ல மனுஷங்க. நீங்க சரின்னா மேல பேசலாம். வேணாம்னா விட்டுடலாம்.”

மேசையைத் துணியால் துடைத்தார். தேத்தண்ணி சிந்தாத பக்கத்தை.

வேண்டாம் என்பதுதான் வசந்தனின் பதில். மாமியின் மகள், அவன் மனைவி ருமானா டெங்கிக் காய்ச்சலில் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஒரு சொல் மாமியிடம் வாயைவிட்டு வரவில்லை. பாலோ ஊரிலிருந்து வந்து, கலிமா சொல்லி, ருமானாவைக் கட்டியவன் அவன். அவள் அடக்கம் முடிந்ததும், இனி இங்கே நமக்கு என்ன உறவு என்று பையைக் கட்டினான். கணவரை இழந்து, ருமானாவைத் தனியாக வளர்த்தவர் காதர் பீவி. பையைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் மாட்டினார். அப்படிப்பட்டவரிடம் எப்படி இல்லை என்பது?

அப்போதுதான் மரியாதையான ஒரு வழி தோன்றியது. அவன் கணக்கு பார்க்கும் சட்டைத் தொழிற்சாலையில் ஏர்கோன் கெட்டுப் பல மாதம் ஆகிறது. பழுது பார்ப்பவன் எப்போது கேட்டாலும் “இன்ஷா அல்லாஹ், நாளைக்கு” என்பான். வந்ததே இல்லை. யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

“இன்ஷா அல்லாஹ், மாமி” என்றான் வசந்தன்.

காதர் பீவி நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “அல்லாஹ் உங்களை நல்லா வைக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி அடுக்களைக்குள் ஓடினார்.

வசந்தன் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

“அலமாக்! ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்க லா” என்றான் தொழிற்சாலையில் பக்கத்து மேசை மதிவாணன்.

“இல்லைங்கிறதுக்காகத்தான்டா சொன்னேன்.”

“இறைவன் நாடினால்னு அர்த்தம்னு நீதானே எனக்குச் சொன்ன? அது ஆமாவா இல்லையான்னு சொல்றவன் மூஞ்சியப் பாத்துத்தான் தெரியும். ஒரு வருஷமா உன் மூஞ்சியில ஒண்ணுமே தெரியலையே. அவங்க என்ன செய்வாங்க?”

உண்மைதான். அழுகை வராத முகம் அது. சிரிப்பும் வராது.

ருமானா அவனுக்கு அரபுச் சொற்களைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். சோற்றில் கை வைக்கும்போது பிஸ்மில்லாஹ். அழகாக ஒன்றைப் பார்த்தால் மாஷா அல்லாஹ், கண் படாது. தும்மினால் அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே. கேட்டவர்கள் சும்மா இருக்கக் கூடாது. யர்ஹமுகல்லாஹ், அவன் உனக்கு இரங்கட்டும் என்று பதில் சொல்லவேண்டும்.

“ஒரு தும்மலுக்கா இவ்வளவு?” என்று அப்போது வசந்தன் வாயைப் பிளந்தான்.

“தும்முன உசுரு பொழைச்சிருக்கே. சும்மாவா?” என்றாள் அவள்.

அவனுக்குத் தூசி ஆகாது. அவள் போன பிறகு ஒரு காலையில் தும்மினான். பழக்கத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்றான். சொன்ன பிறகுதான் பதில் சொல்ல ஆள் இல்லை என்பது உறைத்தது. வீடு கப்சிப்பென்று இருந்தது. அடுத்த நொடி அடுக்களையிலிருந்து காதர் பீவியின் குரல் வந்தது. “யர்ஹமுகல்லாஹ்!” அன்றிலிருந்து ஒரு தும்மல்கூட அநாதையாகப் போனதில்லை. குழாய் ஓடும் சத்தத்துக்கு நடுவிலும், மாடியில் துணி காயப்போடும்போதும் அவருக்கு அது எப்படிக் கேட்கிறது என்பது வசந்தனுக்கு இன்றுவரை விளங்காத அதிசயம்.

இந்த வீட்டை விட்டுத்தான் இப்போது கிளப்பப் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை சுரா என்னும் சின்னத் தொழுகைக் கூடத்தில் புது முஸ்லிம்களுக்கான வகுப்பு. நடத்துகிற உஸ்தாஸ் மாஹிர் வசந்தனைவிட வயதில் சின்னவர். காற்பந்துச் சட்டைமேல் ஜுப்பாவை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வருவார். வகுப்பு முடிந்ததும் வசந்தன் அவரை ஓரமாக நிறுத்தினான்.

“உஸ்தாஸ், கல்யாணம் ஆயிட்டா மாமிகிட்டே எனக்கு என்ன உறவு? அந்த வீட்டுக்கு நான் போகலாமா, வரலாமா?”

“காதர் பீவிம்மா கதைதானே? கேள்விப்பட்டேன். நல்ல காரியம், தடுக்காதீங்க” என்றார் மாஹிர். “உறவுல ஒரு மாத்தமும் இல்ல. மாமி உங்களுக்கு மஹ்ரம்.”

“மஹ்ரம்னா?”

“கட்டிக்கவே முடியாத ரத்த சொந்தம் இருக்குல்ல, தாய் மாதிரி, அந்த வரிசை. பொண்டாட்டி மவுத்தானாலும் அவளோட உம்மா உங்களுக்கு மஹ்ரம்தான். யார் யாரைக் கட்டினாலும் அது மாறாது. கல்யாணத்துக்கு முடிவு இருக்கு. இதுக்கு இல்ல.”

மாஹிர் மோட்டாரை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார். வசந்தன் அங்கேயே நின்றான். பை கட்டிய நாளில் அவன் கேட்ட கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. மாமிக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. அதனால்தான் பேசாமல் சட்டைகளை மாட்டினார். நாலெழுத்துச் சொல் ஒன்றுக்குள் ஒரு வீடே இருக்கிறதே என்று மலைத்துப்போனான். மலைத்ததில், தடுக்காதீர்கள் என்று உஸ்தாஸ் சொன்னதைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டான்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். ஜமீலா, அவள் மகள் நஸ்ரின், தங்கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி சுப்ஹான். மனைவியை இழந்து பல வருஷமான, தலை நரைத்த மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அத்தர் வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது. உட்கார்ந்தவர் தரையையே பார்த்தார்.

நஸ்ரின் பேரீச்சம்பழத் தட்டை வசந்தனிடம் நீட்டினாள். “எடுத்துக்குங்க அண்ணா.”

இதுதான் பெண் என்று முடிவு செய்தான் வசந்தன். அண்ணா என்கிறதே! கூச்சம் போலிருக்கிறது.

“எங்க வீடு பெருசு” என்றாள் ஜமீலா. “மேல் மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. மாப்பிள்ளைக்கு வசதியா இருக்கும். என்ன மாப்பிள்ளை?”

வீட்டோடு மாப்பிள்ளையா! வசந்தனுக்கு வியர்த்தது.

“சீதனம் கீதனம்னு நாங்க எதுவும் எதிர்பாக்கல” என்று ஜமீலா தொடர்ந்தாள்.

அடுக்களை வாசலில் நின்ற காதர் பீவி மெல்லச் சொன்னார். “நீங்க எதிர்பாக்கலன்னாலும் ஒண்ணு மட்டும் கூட வரும். ருமானா எங்கிட்ட விட்டுட்டுப் போனது. அது இல்லாம இந்தக் காரியம் நடக்காது.”

ருமானாவின் தையல் மிஷினைத்தான் சொல்கிறார் என்று வசந்தனுக்குப் பட்டது. அதையுமா தன்னோடு ஏற்றி அனுப்பப் போகிறார்? இதற்குமேல் பொறுக்கக் கூடாது. எழுந்து நின்றான். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வாயைத் திறந்தான்.

அத்தர் மூக்கில் ஏறியது.

“அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ் வச்சுக்கலாமா, மாப்பிள்ளை?” என்று கேட்டாள் ஜமீலா.

தும்மலை அவன் கைக்குட்டைக்குள் அமுக்கினான். சத்தம் வெளியே வரவில்லை. பழக்கம் மட்டும் வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றது கூடம் முழுவதும். ஜமீலா எழுந்துபோய் காதர் பீவியைக் கட்டிக்கொண்டாள். முதல் முறையாக ஒரு தும்மலுக்கு அந்த வீட்டில் யர்ஹமுகல்லாஹ் வரவில்லை. வசந்தன் கைக்குட்டையோடு நின்றான்.

“எந்திரிச்சு நின்னு சொன்னாரு பாத்தியா!” என்று நஸ்ரின் வியந்தாள்.

பெண்களிடம் பேசிப் பயனில்லை, ஆம்பளையிடம் நேரே சொல்லிவிடுவோம் என்று திங்கட்கிழமை மத்தியானம் துணிக்கடைக்குப் போனான். சுப்ஹான் அவனைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வெளிர் பச்சைத் துணி ஒன்றை அவன் தோளில் வைத்துப் பார்த்தார்.

“பாஜு மெலாயு உடுப்பு தைக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே கலர். அளவு எடுத்துக்கவா தம்பி?”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு பேசணும்.”

சுப்ஹானின் முகம் வெளுத்தது. அளவு நாடாவைச் சுருட்டினார்.

“எனக்கும் பேசணும் தம்பி. பயமா இருக்கு. போனவங்களுக்குத் துரோகம் பண்றமோன்னு தோணுது. உங்களுக்கு?”

வசந்தன் அவரை ஏறிட்டுப் பார்த்தான். தன் மனதில் இருப்பதை இன்னொருவர் வாயால் கேட்பது அதுவே முதல் தடவை.

“எனக்கும் அப்படித்தான்” என்றான். அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தபிறகு முகத்தில் அடித்தாற்போல் பேச முடியவில்லை. தள்ளிப்போடவாவது சொல்லலாம் என்று வகுப்பில் கற்ற நல்ல சொல் ஒன்றைத் தேடினான். பொறுமைக்கு அரபியில் சப்ர். “கொஞ்சம் சப்ர் செய்யலாமே.”

சுப்ஹான் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மாஷா அல்லாஹ்! இந்த வயசுல என்ன பக்குவம்! நான் பதறுறேன், நீங்க எனக்குச் சப்ர் சொல்றீங்க. சரி தம்பி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பதறாம இருக்கேன்.”

சொல்லிவிட்டு அளவெடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்கால அசர் தொழுகை முடிந்து சுரா நிறைந்திருந்தது. ஊதுவத்தி, பிரியாணி அண்டா, காலணிகள். கூடத்தின் குறுக்கே கட்டிய திரைக்கு அப்பால் பெண்கள். நடுவே வெல்வெட் திண்டு. நிக்காஹ் நடத்திவைக்கும் காதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த சுப்ஹானும் வெளிர் பச்சையில்தான் இருந்தார்.

வசந்தன் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து காதர் பீவியின் குரல் கேட்டது.

“மாப்பிள்ளை எங்க? மாப்பிள்ளைய முன்னால உக்கார வைங்க. அவரு முன்னால இல்லாம எதையும் ஆரம்பிக்க வேணாம்.”

நாலு பேர் அவனைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். இருந்த ஒரே இடம் திண்டுதான். உட்கார்ந்தான்.

காதி அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் வயதைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. மாப்பிள்ளை நீங்களா, உங்களுக்குச் சம்மதமா என்று மலாயில் கேட்டார்.

வசந்தனுக்குத் தெரிந்த அரபுச் சொற்கள் எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் அவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத் தமிழில் சொன்னான்.

“இல்ல. எனக்குச் சம்மதம் இல்ல.”

பிரியாணி அண்டாவின் மூடி எங்கோ விழுந்து உருண்டது.

“ருமானா இருந்த எடத்துல வேற யாரையும் வச்சுப் பாக்க எனக்கு முடியாது. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. மாடி ரூமும் நல்ல ரூம்தான். ஆனா மாமிய விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன். அவங்க எனக்கு மஹ்ரம். நான் போயிட்டா...” குரல் உடைந்தது. ஒரு வருஷமாக வராதது மொத்தமாக வந்தது. சொங்கோக் தொப்பி சரிய, வெளிர் பச்சைக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். “நான் தும்முனா யாரு பதில் சொல்வாங்க?”

திரைக்குப் பின்னால் யாரோ விசும்பும் சத்தம். அது யார் என்று வசந்தனுக்குத் தெரியும்.

சுப்ஹான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டார். தோளில் கை போட்டார். அத்தர் ஏறியது. இந்த முறை கைக்குட்டை இல்லை. கட்டடம் அதிரத் தும்மினான் வசந்தன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான், அழுகையினூடே.

“யர்ஹமுகல்லாஹ்!”

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் முதலில் முந்தியது. அடுத்த கணம் காதி, மாஹிர், அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள், பெண்கள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சுராவின் கூரைவரை போய்த் திரும்பி அது அவன்மேல் இறங்கியது. வசந்தனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு தும்மலுக்கா இவ்வளவு?

சுப்ஹான் அவன் காதருகே குனிந்தார். கூச்சத்தில் அவர் குரல் கேட்குமா கேட்காதா என்று இருந்தது.

“தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க மாமிக்கு மாப்பிள்ளை நான்தான். நீங்க சீதனம்.”