நாலரை லிட்டர் சாதனை

மனித குலத்தின் மகத்தான சாதனைகள் இரண்டு. ஒன்று, நெருப்பைக் கண்டுபிடித்தது. மற்றது, அந்த நெருப்பைச் சின்ன டப்பாவுக்குள் அடைத்துக் கணினி என்று பெயர் வைத்தது. இரண்டாவது திருப்பணிக்குத் தம்மையே ஒப்புக்கொடுத்தவர் லிட்டர் சார்.

பாலையும் பெட்ரோலையும் போலக் கணினிப் பெட்டியையும் லிட்டரில் அளப்பவர் என்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. அவருக்கு அதில் பெருமைதான். 'கச்சிதக் கணினிக் கழகம்' என்ற இணையக் குழுவில் மிகச் சிறிய கணினிக்கான சாதனை ஐந்து லிட்டரில் நின்றிருந்தது. அதை நாலரைக்கு இறக்குவது என்று முடிவு செய்தார். மகளின் மேஜைக்கடியில் பீரோ மாதிரி நின்ற கணினி 'பொதுநலன் கருதி' பிரிக்கப்பட்டது. அதன் உயிர்ப் பாகங்கள் ஒரு டப்பாவுக்குள் குடியேற்றப்பட்டன. கட்டடக்கலை கடைசி வருடம் படிக்கும் மகள் பதறிப்போனாள்.

"வேகம் அதேதான்மா. எடம்தான் மிச்சம்," என்று தேற்றினார்.

மிச்சமான இடத்தில், அவர் மாட்டிப் பார்த்துத் தோற்ற பதினோரு குட்டி விசிறிகள் கிடந்தன.

டப்பா கொதித்தது. அதைக் கொதிப்பு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். 'வெப்பநிலை சார்ந்த சிறு சவால்' என்பார். மின்னழுத்தத்தைக் குறைத்தார், விசிறியைத் திருப்பிப் போட்டார், சூடு கடத்தும் பசையை வழித்துவிட்டு வேறு பூசினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, கூடத்து மேஜை விசிறியைக் கொண்டுவந்து எதிரே வைத்த பிறகுதான் அடங்கியது. கூடத்தில் அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டார்.

கெடு நாள் வந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் மகள் தான் வடிவமைத்த நூலகக் கட்டடத்தின் காணொளியைக் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. விடியற்காலையிலிருந்து டப்பா அதைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தது. பத்தரைக்கு எண்பத்தைந்து சதவீதம். இனி ஒரு மணி நேரம் போதும்.

"அப்பா, நான் கொஞ்சம் கண்ணசர்றேன். தகட்ட மட்டும் மூடிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

ஆனால் கழகத்தின் நான்காம் விதி தெளிவானது. திறந்த பெட்டிக்குக் கொள்ளளவு கிடையாது. மூடிய பெட்டி ஒரு மணி நேரம் 'உண்மையான வேலை' செய்தால்தான் சாதனை செல்லும். இதைவிட உண்மையான வேலை இனி எப்போது கிடைக்கும்? லிட்டர் சார் தகட்டை வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கினார். தயங்கவில்லை. பெரிய மனிதர்கள் தயங்குவதில்லை.

வெப்பம் தொண்ணூற்றேழு டிகிரி. சூடு தாங்காமல் டப்பா தன் வேகத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்டது. பத்து நிமிடத்துக்கொரு படம் கழகச் செயலாளருக்குப் போனது. பதினொன்றரைக்குச் சாதனை ஏற்கப்பட்டது, வாழ்த்துகள் குவிந்தன. பதினொன்று முப்பத்துநாலுக்கு டப்பா அணைந்தது. அப்போது தொண்ணூற்றுமூன்று சதவீதம். மறுபடி இயக்கினார். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது.

மகள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அப்புறம் தகட்டைப் பார்த்தாள்.

"மூடாதீங்கன்னு சொன்னேனேப்பா."

"ஒரு மணி நேரம் தாங்குச்சு தெரியுமா?" என்றார் அவர், நிஜமான சந்தோஷத்தோடு.

அவள் கல்லூரிக்குப் போன் செய்து கெஞ்சினாள். அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் கழகத்திலிருந்து சான்றிதழுக்கான படிவம் வந்தது. லிட்டர் சார் பயபக்தியோடு நிரப்பினார். கடைசிக் கேள்வி: 'அளவைக் குறைப்பதற்காக வெளியே விடப்பட்டவை ஏதேனும் உண்டா?' அவர் 'எதுவுமில்லை' என்று அடிக்கத் தொடங்கினார்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த மனைவி அவர் தோளில் கை வைத்தார்.

"பொண்ணுன்னு எழுதுங்க."

கட்டம் மிகச் சின்னதுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கு அதில் தாராளமாக இடமிருந்தது.