யெசேனியாவின் கால்குலஸ் இடம்

அன்புள்ள ஒஃபீலியா அக்காவுக்கு,

ஃப்ரெஸ்னோவிலிருந்து தம்பி எலிசியோ எழுதுவது. குவாதலூப்பே மாதா புண்ணியத்தில் நானும் மகள் யெசேனியாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நல்ல செய்தி ஒன்றும் இல்லை. உன் மூட்டுவலி தேவலையா?

நீ அவளுக்கு ஞானத்தாய், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். இன்ஜினியரிங் படித்துப் பாலம் கட்டப் போகிறாளாம். சந்தோஷம்தான். ஆனால் போக நினைப்பது இந்த ஊர் கம்யூனிட்டி காலேஜுக்கு, சம்பளம் குறைவான அரசுக் கல்லூரி. இரண்டு வருஷம் அங்கே, பிறகு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வாளாம். பார்த்துவிடுவோம் என்று கோவிலுக்குப் போகும்போது போடும் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். ஒருத்தர்கூட வாங்க என்று சொல்லவில்லை. "என் மகளுக்கு இடம் கிடைக்குமா?" என்று கேட்டால், கவுன்டர் அம்மாள் சிப்ஸ் தின்றுகொண்டே, "இங்க எல்லாருக்கும் கிடைக்கும் சார். இன்ஜினியரிங்குக்கு வேணுங்கிற கால்குலஸ் கணக்கு வகுப்புதான் ரொம்பிடுச்சு. கடைசி இடம் உங்க பொண்ணு பேர்ல பதிவாயிருக்கு, பின்னால பதினோரு பேர் காத்திருக்காங்க" என்கிறாள். எல்லாருக்கும் கிடைப்பது ஒரு காலேஜா அக்கா? இருபத்தாறு வருஷமாகப் பீச் பழம் தரம் பிரிக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போங்கள் என்று நாங்கள் வெளியே வைப்பது அடிபட்ட பழத்தைத்தான்.

அந்தக் கவலையில் இருந்தபோதுதான் மிஸ் டார்லா போன் செய்தார். நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆள் சேர்க்கும் அதிகாரி. தினமும் கூப்பிட்டு, "சாப்டீங்களா எலிசியோ சார்?" என்பார். என் மனைவி போன பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை அக்கா. போனோம். வாசல் பலகையில் எங்கள் பெயர், தட்டில் பிஸ்கட், சேருவதற்கு முன்பே யெசேனியாவுக்குப் பட்டமளிப்புத் தொப்பி மாட்டி போட்டோ. இவள் தொப்பியோடு கேட்கிறாள், "இங்க படிச்சத அரசு யுனிவர்சிட்டி ஒத்துக்குமா? இன்ஜினியர் லைசன்ஸ் பரீட்சை எழுத விடுவாங்களா?" "அருமையான கேள்வி கண்ணு!" என்று மிஸ் டார்லா இன்னொரு பிஸ்கட் கொடுத்தார். இவள் கேட்ட கேள்வியில் எனக்கு மானமே போயிற்று. காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"அப்பா, அவங்க பதிலே சொல்லல."

"பிஸ்கட் குடுத்தாங்கல்ல!"

"அது லாபத்துக்கு நடத்துற கடைப்பா."

"கடைக்காரங்களாவது வாங்கன்னு கூப்பிடுறாங்களே!"

இரண்டு வாரம் வீட்டில் இதே சண்டை. நேற்று, காலேஜிலிருந்து விலகும் தாளில் கையெழுத்துப் போட்டு, "உங்க இஷ்டம்ப்பா" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஜெயித்தவன் நான்தான், ஆனால் அந்தத் தாளை நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். நாளை அதைக் கொடுத்துவிடுவேன். நீ போன் செய்து அவளுக்கு ஆறுதல் சொல்.

அத்தானுக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு முத்தம், மாதா உங்களையாவது நன்றாக வைக்கட்டும்.

உன் தம்பி,
எலிசியோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் காலேஜுக்குப் போய்த் தாளைக் கொடுத்துவிட்டேன். கவுன்டர் அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "கால்குலஸ்ல ஒரு இடம் காலி! காத்திருக்கிறவங்கள்ல முதல் ஆள் வாங்க!" என்று கூப்பிட்டாள். பெஞ்சிலிருந்து எழுந்து வந்தது மிஸ் டார்லாவும் அவர் மகனும். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "என் பையன் நெஜமாவே இன்ஜினியர் ஆகணும் சார்," என்றார் மெதுவாக. "எங்க ஆபீஸ்ல சொல்லிடாதீங்க." யெசேனியா பெயரை மறுபடி எழுதிக் கொடுத்தேன், காத்திருப்பவர்களில் அவள் இப்போது பதினோராவது. அவளுக்கு இன்னும் தெரியாது. ஆறுதல் எல்லாம் அப்புறம் அக்கா, முதலில் விஷயத்தை நீயே அவளிடம் சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.