கொடியிழந்த கொன்றையடியார் கரம் ஆடிய காதை

வாழி நவரட்ணம்! ரொறன்ரோவின் மல்வேர்ன் மாநகர்க் காவலா, மின்தூக்கி பழுதான அடுக்குமாடியின் ஆறாம் மாடி வேந்தே, வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே லண்டனையும் மொன்றியலையும் மண்கவ்வச் செய்த மாவீரா! உன் புகழ் பாடத் தொடங்குமுன் கலைமகளை வேண்டுவதா, கேரம் என்று பிறர் சொல்லும் கரம் பலகையில் தூவும் பவுடரை வேண்டுவதா என்று தெரியாமல் திகைத்து, இரண்டையும் வேண்டித் தொடங்குகிறேன். அவையோரே, காது கொடுங்கள். கையிலிருக்கும் தொலைபேசியைச் சற்றே கவிழ்த்து வையுங்கள்.

ஈழத்திலிருந்து உலகெங்கும் சிதறிய எம்மவர், தத்தம் ஊர்ப்பெயரால் அணிக்கு இருவராய் ஆண்டுதோறும் ரொறன்ரோவில் கூடிப் பொருதும் அனைத்துலகக் கரம் கிண்ணத்தை, அடியேனின் ஊராகிய கொன்றையடி ஒருமுறைகூடத் தொட்டதில்லை. தொடவிடாதவர்கள், பாரிசில் வாழும் முத்தன்காட்டு உடன்பிறப்புகளான அகஸ்ரினும் ஜஸ்ரினும். சென்ற ஆண்டு இறுதிப் போரில் ஒரேயொரு காயால் தோற்றபோது, நவரட்ணமும் அவன் அணியிலேயே எதிரமர்ந்து ஆடும் ஆருயிர்த் தோழன் செல்வரட்ணமும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, வரும் ஆண்டு கிண்ணம் நமதே என்று சூளுரைத்தார்கள். மெல்லத் தொடுவதில் நவரட்ணத்துக்கு நிகரில்லை. ஓங்கி அடிப்பதில் இடிவிரல் செல்வரட்ணத்துக்கு இணையில்லை. பள்ளிக்கூட நாள் முதல் சேர்ந்தாடியவர்கள். இருவருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. கிண்ணம் மட்டும் வரவில்லை.

இந்நிலையில்தான், அந்தோ, கொன்றையடி உடைந்தது!

பேரரசுகள் உடைவதற்குப் பெருங்காரணங்கள் சொல்வார்கள். எமதூர் உடைந்தது ஒரு குத்துவிளக்கால். ரொறன்ரோக் கொன்றையடி மக்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில் மங்கள விளக்கேற்ற ஒலிபெருக்கியில் முழங்கி அழைக்கப்பட்ட பிரமுகர் ஆறு பேர். விளக்குக்கோ முகங்கள் ஐந்து. ஐந்தாம் திரியை நவரட்ணம் ஏற்றிவிட்டான். ஆறாவதாக நின்ற செல்வரட்ணம், பட்டுவேட்டி சரசரக்க, கையில் எரியும் மெழுகுதிரியோடு, ஏற்ற ஒரு திரியின்றி, முந்நூறு பேர் பார்க்க, வீடியோக்காரனும் படம்பிடிக்க, மெழுகு விரலில் வடியும்வரை நின்றான். நின்றவன் ஊதி அணைத்துவிட்டு வெளியேறினான். அவன் பின்னே சொந்தம் வெளியேறியது, சொந்தத்தின் பின்னே அவர்கள் காரில் வந்தவர்களும் வேறு வழியின்றி வெளியேறினார்கள். மறுமாதம் அதே நகரின் வெக்ஸ்போர்ட்டில் ‘மறுசீரமைக்கப்பட்ட கொன்றையடி மக்கள் சங்கம்’ உதயமாயிற்று. அன்றுதொட்டு நண்பர் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடையில் கண்டால் ஒருவர் மீனைப் பார்த்தார், மற்றவர் மரக்கறியைப் பார்த்தார்.

கிண்ணம் நெருங்கியது. இரு சங்கங்களும் தாமே மெய்க் கொன்றையடி என்று பறைசாற்றி, தனித்தனி அணிப்பெயர் அனுப்பின. ‘எம் கொடியின்றி எம் வீரர் களம் புகார்!’ என்று முழங்கியது ஒன்று. ‘போலிக் கொடியின்கீழ் எம் வீரர் பொரார்!’ என்று இடித்தது மற்றது. ஆனால் ஊருக்கு ஓர் அணி என்பது போட்டியின் மாறா விதி. அவ்விதியைக் காத்துநின்ற போட்டிச் செயலாளர் நிரோஷினி, இங்கேயே பிறந்து ஒஷாவாவில் வரலாறு கற்பிக்கும் மங்கை, இரு வீரர்களையும் தொலைபேசியில் ஒன்றாக இணைத்தாள்.

“அங்கிள், ரெண்டு கொன்றையடியையும் எடுக்கேலாது. ஆனா சோவியத் உடைஞ்சது தெரியும்தானே? தொண்ணூற்றிரண்டில அந்த ஆக்கள் தங்கட கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடிக்குக் கீழ விளையாடினவை. கன மெடலும் எடுத்தவை. நீங்களும் நியூற்றலா வாங்கோ. ஓகேயா?”

ஒருபக்கம் பஸ் இரைந்தது, மறுபக்கம் குக்கர் கூவியது.

“அவர் வாறதெண்டால் நானும் வாறன் எண்டு சொல்லுங்கோ பிள்ளை,” என்றான் நவரட்ணம். “ஆனா கதைக்கமாட்டன்.”

“நானும்தான் கதைக்கமாட்டன் எண்டு அவருக்குச் சொல்லும்,” என்றான் செல்வரட்ணம்.

“கதைக்கவே தேவையில்லை அங்கிள். விளையாடேக்க பார்ட்னரோட கதைச்சா பவுள், முறையும் போயிடும்.”

போர்நாள் புலர்ந்தது. மார்கம் வீதி விழாமண்டபத்தில், பனிக்கால அங்கிகள் மலையெனக் குவிந்து கிடக்க, நாதசுவர இசைத்தட்டு முழங்க, ஒசுலோவாரும் சூரிச்சாரும் மெல்பேர்னாரும் தத்தம் ஊர்க்கொடி ஏந்தி அணிவகுத்தனர். அவர்களின் கடைசியில், கொடியற்றோர் என்று அறிவிக்கப்பட்டு, ஒன்றும் எழுதாத வெள்ளைப் பிறிஸ்ரல் மட்டையை ஹொக்கித் தடியில் கட்டி ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, ஒருவர் வடக்கையும் ஒருவர் தெற்கையும் பார்த்து நடந்தார்கள் எம் வீரர்கள். ஊர்ப்பெயரில்லாத வெள்ளைச் சட்டையைக் காலையில் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக் கொடுத்த நவரட்ணத்தின் மனைவி கமலாம்பிகை, “இஞ்சாருங்கோ, பெயின்ற் அடிக்கப் போற ஆள் மாதிரியெல்லே கிடக்கு” என்று கணவனை வாழ்த்தி அனுப்பியிருந்தாள். மண்டபத்தின் இடப்புறம் ஒரு சங்கமும் வலப்புறம் மற்றச் சங்கமும் அமர்ந்தன. கைதட்டலாமா கூடாதா என்று எவருக்கும் தெரியவில்லை.

பிறகு நடந்ததை என்னென்பேன்! மற்ற அணிகளில் கூட்டாளிகள் குசுகுசுத்துக் குற்றப்பட்டார்கள், செருமிப் பிடிபட்டார்கள், கண்ணைக் காட்டிக் காய் இழந்தார்கள். எம்மவரோ பதினொரு மாதப் பயிற்சி பெற்றவர்கள்! வாய் திறவார், முகம் நோக்கார், செருமல்கூட மறுபுறம் திரும்பியே செருமினார். இடிவிரலோன் கூட்டத்தைக் கலைக்க, மென்விரலோன் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் குழியில் இட்டான். லண்டன் வீழ்ந்தது, ஒசுலோ உருண்டது, சூரிச் தேநீர் குடிக்கப் போனது. பேசாமல் வெல்லலாம் என்றால் ஆளோடாள் பேசாத எமதூர் என்றோ உலகை வென்றிருக்கும் என்று நடுவர் றோசலினே வியந்தாள்.

இறுதிப் போர். எதிரே முத்தன்காட்டுச் சிங்கங்கள். புள்ளிகள் சமமாகி, ஆட்டம் கடைசிப் பலகைக்கு வந்து, சிவப்பும் போய், எம்மவர்க்கு ஒரு வெள்ளை, அவர்களுக்கு ஒரு கறுப்பு எஞ்சின. இரண்டும் ஒரே குழியின் வாயில் தோளோடு தோள் உரசி நின்றன. முறை செல்வரட்ணத்தினது. விளிம்பில் மெல்லத் தொட்டால் வெள்ளை மட்டும் விழும், கிண்ணம் கொன்றையடிக்கு. ஓங்கி அடித்தால் இரண்டும் விழும், போட்டி விதிப்படி கிண்ணம் மீண்டும் பாரிசுக்கு. மிதிவெடி என்று நாம் அழைக்கும் முட்டைப் பலகாரத் தட்டோடு வந்தவளும் நடுவழியில் நின்றாள்.

செல்வரட்ணம் பவுடரைத் தட்டினான், ஸ்ரைக்கரை வைத்தான். பிறகு சுட்டுவிரலைப் பெருவிரலில் பூட்டி, வில்லென வளைத்து, பின்னே, இன்னும் பின்னே, ஐயோ, இன்னும் பின்னே இழுத்தான்.

நவரட்ணம் அவ்விரலையே பார்த்தான். சென்ற ஆண்டும் இதே விரல், இதே வளைவு, இதே தோல்வி. விதி தெரியும், வீம்பும் தெரியும். ஆனால் தன் தோழன் முந்நூறு பேர் முன்னே இன்னொருமுறை குறுகி நிற்பதைக் காண அவனால் முடியவில்லை. பதினொரு மாதமாய்ப் பூட்டிக்கிடந்த வாய் படாரெனத் திறந்தது.

“டேய் செல்வம்! வேண்டாமடா! மெல்லமாய்த் தட்டு மச்சான்!”

“பவுள்,” என்றாள் றோசலின். “கதைச்சாச்சு. முறை போச்சு, ஒரு காய் திருப்பி நடுவில வையுங்கோ.”

அகஸ்ரின் குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் கறுப்பைத் தொட்டான். அது விழுந்தது. ஐந்தாம் முறையாகக் கிண்ணம் முத்தன்காட்டுக்குப் போனது. முத்தன்காட்டு ஊர்க்கீதம் முழங்க எல்லோரும் எழுந்து நின்றார்கள். எம் வீரர் இருவர் மட்டும் எழவில்லை. அவர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“விசரா, மெல்லமாய்த்தானடா அடிக்க இருந்தனான்! உவன் ஜஸ்ரினுக்குச் சும்மா பயங்காட்ட இழுத்தது!”

“உன்ரை விரல் எனக்குத் தெரியாதே? போன வருசமும் உப்பிடித்தானே இழுத்தனீ!”

“போன வருசம் இழுத்தா இந்த வருசமும் அடிப்பனே?”

அப்போர் பலகையருகே தொடங்கி, அங்கிக் குவியலைக் கடந்து, வாகனத் தரிப்பிடத்தின் உறைபனியில் வழுக்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டும் ஓயாமல், கடைசியில் செல்வரட்ணத்தின் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு நீடித்தது. சொற்கணைகள் தீர்ந்தபோது நவரட்ணம் முன்கண்ணாடியில் படிந்த மூச்சுப் புகையைப் பார்த்தபடி சொன்னான்.

“அண்டைக்கு நீ மெழுகுதிரியோட பின்னால நிண்டதைக் கண்டனானடா. கண்டும் கடைசித் திரியைக் கொளுத்திப்போட்டன்.”

“தெரியும்,” என்றான் செல்வரட்ணம். “கை சுட்டுப்போச்சு.”

“காட்டு.”

“பதினொரு மாசமடா. ஆறிப்போச்சு.”

ஆறிய விரலை அவன் காட்டினான். இவன் உள்விளக்கைப் போட்டுப் பார்த்தான். இருவர் கண்ணும் கலங்கியது. பழியை ஹீற்றர் மேல் போட்டார்கள்.

ஆயினும் வீரர்க்கு மானம் உண்டே! ஒன்றாய் ஆடவேண்டும், அதற்கு ஒன்றாய் இருக்கவேண்டும், எந்தச் சங்கத்தில் இருப்பது? இவன் அங்கே போனால் இவன் சொந்தம் சும்மா விடாது, அவன் இங்கே வந்தால் அவன் சொந்தம் வீட்டுக்கே வந்துவிடும். வரும் ஆண்டுக் கிண்ணத்தையும் விடமுடியாது, வெள்ளை மட்டையை மறுபடி தூக்கவும் முடியாது. எனவே சிந்தித்து, ஆராய்ந்து, கண்ணாடிப் புகையில் விரலால் பெயரெழுதி அழித்து, மீண்டும் எழுதி, ஈற்றில் வரலாறு போற்றும் அம்முடிவை எடுத்தார்கள் எங்கள் தோழர் இருவரும். அடுத்த மாதமே ஆறு முகமுள்ள விளக்கொன்றைத் தேடிப்பிடித்து, ஆளுக்கு மூன்று திரியாய் ஏற்றியும் வைத்தார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு ரொறன்ரோவில் மூன்று சங்கங்கள் இருக்கின்றன.