பொன்னாடைக்குள் ஒரு படம்

கீர்த்திநாடு என்று ஒரு நாடு. தேசப்படத்தில் தேட வேண்டாம். அதன்மேலும் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. நாங்கள் அந்நாட்டின் குடிமக்கள். யாரையாவது கௌரவிக்காவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. மேடை ஏறியவருக்குப் பொன்னாடை, இறங்கியவருக்குப் பொன்னாடை, பந்தக்காலில் தொங்கிக்கொண்டு விளக்கு மாட்டியவருக்கும் கை தவறி ஒன்று.

ஒருநாள் மன்னருக்கு ‘நாம் யார்?’ என்ற சந்தேகம் வந்தது. அமைச்சரவை கூடியது, உண்டது, கலைந்தது, விடை கிடைக்கவில்லை. எனவே ‘நாமும் நம் வரலாறும்’ என்ற தலைப்பில் மக்களே படம் வரைந்து காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

வரைந்தோம். குதிரைமேல் மன்னர், யானைமேல் மன்னர், மன்னரைக் கண்டு வழிவிடும் ஆறு. சூரியோதயம் வரைந்த ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று சூரியனுக்கு மன்னரின் மீசையை வைத்தார். எங்கள் முகத்தை எங்கே வைப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பவளாயி மட்டும் பஞ்ச காலத்தை வரைந்திருந்தாள். பூட்டிய அரண்மனைக் களஞ்சியம். வாசலில் ஜனக்கூட்டம். முன்னால் சுருண்டு கிடப்பது அவள் தம்பி சடையன். அந்தப் பஞ்சத்தில் ஒருவரும் சாகவில்லை என்பது அரசின் நிலைப்பாடு. தம்பி முகத்தை ஊர் பார்க்க வேண்டும். பவளாயி கேட்டது அவ்வளவுதான்.

படத்தைத் தடைசெய்யலாமா என்று ஓர் அதிகாரி கேட்டுவிட்டார். கலாசார அமைச்சர் அதிரூபருக்கு வந்ததே கோபம்.

“தடையா? நாம் என்ன காட்டுமிராண்டிகளா? கௌரவியுங்கள் ஐயா.”

களஞ்சியப் பூட்டை மறைத்து ஒரு பொன்னாடை விழுந்தது. மனதை வருத்தும் படங்களுக்குக் கூடுதல் மரியாதை என்று மறுநாள் ஆணை வந்தது. இரண்டாவது பொன்னாடை சடையனின் முகத்தில் விழுந்தது. பவளாயி அமைச்சரிடம் ஓடினாள்.

“முகம் தெரியலைங்க ஐயா.”

“மற்ற படங்களுக்கு ஒன்றுதான் அம்மா. உங்களுக்கு இரண்டு. அதுவும் சரிகை போட்டது. இன்னும் என்ன குறை?”

போர்த்தியதை எடுப்பது தேசத்துரோகம் என்று அடுத்த ஆணை. அதற்கடுத்தது, அந்தப் படத்துக்கு வீட்டுக்கொரு பொன்னாடை கொண்டுவர வேண்டும் என்பது. நாட்டின் தறிகளெல்லாம் பொன்னாடை மட்டுமே நெய்தன. கடையில் வேட்டி இல்லை, சேலை இல்லை. ஒட்டுப்போட்ட துணியோடு பனியில் நடுங்கியபடி வரிசையில் நின்றோம். வடக்குத் தெருவின் பொன்னாடை எங்கள் தெருவுடையதற்கு மேலே விழுந்ததா இல்லையா என்று அடிதடியும் நடந்தது. தெருமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மன்னரும் அமைச்சர்களும் சூழ அண்டை நாட்டுத் தூதர் காட்சியைப் பார்க்க வந்தார். எல்லாப் படங்களையும் சுற்றிவிட்டு, பவளாயியின் படத்துக்கு முன்னால் நின்று, உங்கள் வரலாறு எங்கே என்று கேட்டார்.

“இதோ. தொட்டுப் பாருங்கள்,” என்றார் அதிரூபர். “எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!”

தூதர் தொட்டுப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். கைதட்டினோம்.

அப்போதுதான் பவளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பொன்னாடைக் குவியலில் கைவைத்தாள். காவலர்கள் அசையவே இல்லை. அவர்களுக்கு ஏன் சிரமம்? நாங்களே அவள் கையைப் பிடித்துக்கொண்டோம். நல்லவிதமாகத்தான் சொன்னோம்: “விடுக்கா. தம்பிக்குக் கிடைச்ச மரியாதையைக் கெடுத்துக்காத.”

அவள் திமிறவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“அவன் செத்தப்ப மேல போத்த ஒரு கந்தல் கேட்டேன். வீடு வீடா வந்து கேட்டேன். உங்கள்ல ஒருத்தரும் குடுக்கல.”

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அமைச்சர்கள் துடைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் துடைத்துக்கொண்டோம். கீர்த்திநாட்டில் அதுவரை இப்படி ஒரு பேச்சை யாரும் பேசியதில்லை.

உடனே அவளை மேடையேற்றி, கைவசம் மிச்சமிருந்ததை எல்லாம் போர்த்தினோம். உள்ளிருந்து அவள் இன்னும் ஏதோ சொன்னாள். கைதட்டலில் கேட்கவில்லை.