எகிப்து ராணிக்கு ஒரு கலியாணப் புடவை

எகிப்து ராணி வந்துவிட்டாள்! மூவாயிரம் வருஷம் பிரமிடுக்குள் படுத்துக் கிடந்தவள் எழுந்து புறப்பட்டாளாம். லண்டன் பிடிக்கவில்லை, பாரிஸ் பிடிக்கவில்லை. மலாயாவில் பெக்கோக் ஸ்டேஷனில் இறங்கி, செம்மண் ரோட்டில் வந்து, எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோரில் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஆட்டுக்கொட்டகை. அந்த வாசனை அம்மணிக்குப் பிடித்திருக்க வேண்டும்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. வெள்ளிக்கிழமை வந்தால் ஸ்டோர் வாசலில் நிற்க இடமிருக்காது. செடெனாக்கிலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். சாம்பிராணி என்ன, கற்பூரத்துக்குப் பதில் கொளுத்திய ரப்பர் துண்டு என்ன, "ராணியம்மா" என்ற அலறல் என்ன! புகையில் பாதிப் பேருக்கு இருமல். அதையும் அருள் என்றார்கள்.

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரெஸர். ஆஸ்பத்திரி என்பது பெயர்ப்பலகையில்தான். காய்ச்சலுக்குக் கொய்னா இல்லை, புண்ணுக்குப் பஞ்சு இல்லை, இருந்த கொஞ்சம் பேண்டேஜ் துணியும் ஒருநாள் காணாமல் போயிற்று. என்னிடம் வரவேண்டிய காய்ச்சல்காரர்கள் எல்லாம் ராணியிடம் போனார்கள். போகட்டும், என்னிடம் வந்திருந்தாலும் வெந்நீர்தான் கொடுத்திருப்பேன். வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ராணியைக் கூட்டிவந்தவர் புரொபசர் சிவசம்பு. எந்தக் காலேஜில் புரொபசர் என்று கேட்கக்கூடாது. யுத்தத்துக்கு முன்னால் ஏதோ ஓர் ஆபீசில் கணக்கெழுதிய கிராணி. சிகரெட் பெட்டிக்குள் வருமே படச்சீட்டு, அதில் எகிப்து வரிசையை முழுசாகச் சேர்த்து வைத்திருந்தார். பிரமிடு, நரிமுகச் சாமி, பிணத்துக்குத் துணி சுற்றும் படம். இதுதான் ஐயாவின் ஆராய்ச்சி. படத்தைப் பார்த்ததோடு சரி, பின்பக்கம் அச்சடித்திருந்ததைக்கூடப் படிக்கவில்லை.

ஆனால் வாய்? அது ஊரை விற்கிற வாய்.

"கேளுங்கோ அம்மாமாரே! எகிப்திலை ஈசிஸ் எண்டொரு தேவி. அவவின்ரை புருசனைப் பகைவன் கொண்டுபோய் வெட்டித் துண்டு துண்டாய் எறிஞ்சுபோட்டான். தேவி சும்மா இருந்தவவோ? ஊரூராய்த் தேடிப் பொறுக்கி, துணியாலை சுத்தி வைச்சா. புருசன் எழும்பீட்டான்! படிச்ச ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் எழுதி வைச்ச விசயம்."

எகிப்தியர்கள் அப்படி ஒரு கதையை நம்பினார்கள் என்பது நிஜம். விஷமே அதில்தான் இருந்தது. ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் அள்ளிப்போன ஆண்களின் பெண்டாட்டிமார். கடிதம் கிடையாது, தகவல் கிடையாது. இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் தவித்த அந்தப் பெண்கள் முன்னால் நின்று, துணி சுற்றினால் புருஷன் வருவான் என்று ஒருவன் சொன்னால்?

துணி குவிந்தது.

"புருசன்ரை துணி ஒண்டு கொண்டுவாங்கோ. தனியாய் இருந்து மந்திரம் சொல்லி நானே ராணிக்குச் சுத்திவிடுறன். அவர் எங்கை கிடந்தாலும் ராணி இழுத்துக்கொண்டு வருவா!"

அம்மனுக்குப் புடவை சாத்திப் பழகியவர்களுக்கு இது புதிதாகவே படவில்லை. வேதக்காரர்களுக்கு வேறு சரக்கு வைத்திருந்தார். "மாதாவும் சூசையப்பரும் குழந்தையோடை எகிப்துக்கு ஓடினவையெல்லோ? இந்த ராணி வீட்டிலைதான் தங்கினவை!" என்றார். ராணி செத்து ஆயிரம் வருஷம் கழித்துத்தான் மாதாவே பிறக்கிறார். செத்தவள் வீட்டில் விருந்து! ஆனால் ஜெபமாலையும் கையுமாக அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

ஜப்பான் சார்ஜன் ஒருநாள் வாளோடு வந்து நின்றான். புரொபசர் அசரவில்லை. வெள்ளைக்காரன் மியூசியத்தில் அடைத்து வைத்திருந்த ஆசியப் பெண், தப்பித்து வந்துவிட்டாள் என்றார். சார்ஜன் இடுப்பை வளைத்து ராணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். எகிப்து எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று வாள் வைத்திருப்பவனிடம் யார் பாடம் நடத்துவது?

அன்றைக்குத் துணி என்றால் என்ன என்று இன்றைக்கு இருக்கிறவர்களுக்குத் தெரியாது. கடையில் ஒரு முழம் கிடையாது. கோணியைக் கட்டினோம். ரப்பர் ஷீட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு போன ஒருவன் வெயிலில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கத்தியது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் முழு வேட்டியும் மேலே சால்வையுமாக உலாவியவர் ஒரே ஒருவர்தான். அது ஏன் என்று ஒருத்தர் யோசித்தாரா? ஊஹூம்.

என் பக்கத்து வீட்டில் அக்கா தங்கை இருவர். மூத்தவள் கெர்ட்ரூட், மிஷன் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த டீச்சர். பள்ளியை மூடிவிட்டதால் இப்போது கிழங்குத் தோட்டத்தில் மண்வெட்டி. இளையவள் லூசி. அவள் புருஷன் ரபேலை சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் மிச்சமிருந்தது லூசியின் கலியாணப் புடவை ஒன்று, ஓட்டைக் கோணி ஒன்று. காலையில் லூசி புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். மத்தியானம் அவள் வந்து அவிழ்த்துக் கொடுத்தால் கெர்ட்ரூட் கட்டிக்கொண்டு போவாள். வேலைக்குப் போனால்தான் ரேஷன் அரிசி. அந்தப் புடவை போனால் இரண்டு பேரும் பட்டினி.

ரபேலின் வேட்டியை லூசி ஏற்கெனவே ராணிக்குக் கொடுத்துவிட்டாள். அது போதாதாம். கலியாணப் புடவையையும் சாத்தினால்தான் புருஷன் ரயிலேறுவானாம்.

பலகைச் சுவர், அவர்கள் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும்.

"லூசி, செத்தவங்கள எகிப்துல எப்படி அடக்கம் பண்ணாங்கன்னு தோண்டிப் பாத்தவங்க எழுதி வச்சிருக்காங்க. மூக்கு வழியா மூளைய எடுத்தாங்க. கொடல எடுத்து ஜாடில போட்டாங்க. ஒடம்ப உப்புல போட்டு காயவச்சாங்க. அப்புறம்தான் துணி."

"கருவாடு மாதிரியா?"

"கருவாடேதான். அதுலயும் ஏமாத்து. பூனை மம்மின்னு கோயில் வாசல்ல வித்தானுங்க. பின்னால ஆராய்ச்சிக்காரங்க பிரிச்சா, சில பொட்டலத்துல பூனையே இல்ல, குச்சியும் மண்ணும்தான். ஆராய்ச்சின்னா பிரிச்சுப் பாக்கறது. கும்பிடறது இல்ல."

"புரொபசரு பத்து வருஷம் கெய்ரோவுல இருந்தவராம்!"

"யாழ்ப்பாணத்துல கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்த மனுஷன். வழியில கெய்ரோ எங்கடி வருது?"

லூசி வெடித்தாள். "ஒனக்குப் புருஷன் இல்ல. ஒனக்கு என்ன தெரியும்?"

கெர்ட்ரூட் பாயை உதறிப் போடுகிற சத்தம்தான் கேட்டது.

ஆனால் கெர்ட்ரூட் சும்மா இருக்கிறவள் அல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டோருக்குப் போனாள். ராணிக்கு அரைஞாண் கட்டுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன், இடுப்பளவு வேண்டும் என்றாள். புரொபசருக்கு வாயெல்லாம் பல். அவள் ஒரு கயிற்றைச் சுற்றி, அளவாக அறுத்து எடுத்துக்கொண்டாள். சில வாரம் பொறுத்தாள். அதற்குள் வேட்டியும் சட்டையும் சேலையுமாக ஒரு வண்டித் துணி ராணிக்குப் போயிருக்கும். பிறகு ஒருநாள் அத்தனை கூட்டத்துக்கும் முன்னால் அதே கயிற்றை அதே இடுப்பில் வைத்துக் காட்டினாள். இம்மி மாற்றமில்லை.

"பாத்துக்குங்க! இவ்ளோ துணி சுத்தியும் ராணி ஒரு நூல்கூட பருக்கல. அப்ப துணியெல்லாம் எங்க?"

கூட்டம் யோசித்தது. நிஜமாகவே யோசித்தது. ஆகா, விழித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அப்போது முன்வரிசையில் நின்ற காளியம்மா வாயைத் திறந்தாள். அவள் புருஷனும் சயாமில்தான்.

"ரேஷன் காலம் டீச்சரம்மா. ராணியும் எளைக்கத்தான செய்வா, பாவம்!"

"அட ஆமா லா! துணி ஏறுது, ஒடம்பு எறங்குது!"

"அலமாக், ஐயோ பாவம்! முகம்கூட வாடித்தான் இருக்கு!"

அடுத்த வாரத்திலிருந்து ராணிக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் வந்தன. இந்த யோசனை புரொபசருக்கே தோன்றியிருக்கவில்லை. ராணி இளைத்தபடியே இருந்தாள், புரொபசருக்குத் தொந்தி வைத்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கெர்ட்ரூட் கத்தினாள்.

"டிரெஸரண்ணே! ஒங்க கோட்டைக் குடுங்க! லூசி கோணியைச் சுத்திக்கிட்டுப் புடவையைத் தூக்கிட்டுப் போயிட்டா!"

வீட்டில் இருந்த இரண்டு உடுப்பும் வெளியே போய்விட்டன. அக்கா எதைக் கட்டிக்கொண்டு தடுக்க வருவாள்? என் வெள்ளைக் கோட்டை ஜன்னல் வழியாக எறிந்தேன். கிழிந்த உள்பாவாடைமேல் அதை மாட்டிக்கொண்டு அவள் ஓட, நான் பின்னால் ஓட, பெரிய டாக்டரம்மா வருகிறார் என்று கூட்டம் வழிவிட்டது.

உள்ளே லூசி புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழுத கண்.

"குடுத்துடறேன் ஐயா. அதுக்கு முன்னால அவரு வேட்டிய ஒரே ஒரு தடவ தொட்டுக்கறேன். மூலையில செவப்பு நூல்ல அவரு பேரோட மொத எழுத்தைத் தச்சிருக்கேன். அது மேல கை வச்சுட்டு இதக் குடுத்துடறேன்."

புரொபசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது உள்ளுக்கை கிடக்கு பிள்ளை! தொடப்படாது!"

"நானே மெதுவா பிரிச்சுப் பாத்துட்டு, திரும்பச் சுத்திடறேன்."

காளியம்மா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும் எங்க ஆளு சட்டையப் பாக்கணும்போல இருக்கு ஐயா."

"எனக்கும்!"

"எங்க வீட்டுக்காரரு துண்டு…"

கயிறு அளந்து காட்டியபோது அசையாத கூட்டம் இது. சந்தேகப்பட்டு ஒருத்தி நகரவில்லை. ஆசைப்பட்டு அத்தனை பேரும் நகர்ந்தார்கள்.

"தொட்டால் ரத்தம் கக்கிச் சாவியள்!" என்று புரொபசர் குதித்தார். "கல்லறையைத் திறந்த வெள்ளைக்காரனுக்கு என்ன நடந்தது தெரியுமோ? சாபம்! சாபம்!"

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கெர்ட்ரூட் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப நான் மொதல்ல தொடறேன். கக்கினா நீங்க நிறுத்திக்குங்க."

பிடித்து இழுத்தாள். சரசரவென்று ஒரு சுற்று அவிழ்ந்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம். ரத்தம் வரவில்லை. லேசாக ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான், நாலாபக்கமும் கைகள் பாய்ந்தன.

மேல் சுற்று என் ஆஸ்பத்திரி பேண்டேஜ்! அடப்பாவி! அதற்குள்ளே ரோஜாப்பூப் போட்ட ஜன்னல் திரை. அதற்குள்ளே கொசுவலை. வேட்டி இல்லை, சட்டை இல்லை, துண்டு இல்லை. தலை என்று கும்பிட்டது, கண் மை தீட்டிய ஒரு தேங்காய். அது உருண்டு போய் மூலையில் நின்றது. மிச்சம் கிடந்தது வெள்ளையாக, நீளமாக, உருட்டுக்கட்டை கணக்காக ஒன்று.

துரை பங்களாவில் ஆயாவாக இருந்த செல்லம் குனிந்து பார்த்துவிட்டு வீறிட்டாள்.

"ஐயையோ! இது நம்ம தொரையோட கட்டிப்பிடித் தலகாணி! நான் எத்தன தடவ வெயில்ல காயப்போட்டிருப்பேன்! இந்தா, அவரு கொட்டின காப்பிக் கறை!"

மூவாயிரம் வருஷத்து மகாராணி, ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையோடு ஒரே கட்டிலில் படுத்தவள்!

ஒருத்தரும் சிரிக்கவில்லை. லூசி தரையில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். கொசுவலைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகு நிமிர்ந்தாள். "அவரு வேட்டி எங்கய்யா?" என்று கேட்டாள்.

"ராணி உருமாறீட்டா… இது அவவின்ரை நிழல்…" என்றார் புரொபசர். காளியம்மா அவர் குடுமியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். ஆராய்ச்சி முழுசும் வெளியே வந்தது.

"செகாமட் சந்தையிலை அரிசிக்கும் சிகரெட்டுக்கும் மாத்திப்போட்டன் அம்மா! விடுங்கோ!"

விட்டார்கள், வேட்டியையும் சால்வையையும் உருவிக்கொண்டு. மானத்துக்கு என் பேண்டேஜையே அள்ளிச் சுற்றிக்கொண்டு ஐயா பாய்ந்தார். பட்டப்பகலில், பெக்கோக் ரோட்டில், நாய்கள் துரத்த, தொந்தியுள்ள ஒரு மம்மி ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் லூசி கேட்டாள். "வேட்டி போனதால அவரு வராம போயிடுவாராக்கா?"

"வேட்டி குடுத்ததால வரப்போறதும் இல்ல, போனதால நிக்கப்போறதும் இல்ல. அவரு வர்ற அன்னிக்கு நீ உசிரோட இருக்கணும்டி. நாளைக்குப் புடவையைக் கட்டிட்டு வேலைக்குப் போ."

பிறகு அழுகைதான் கேட்டது. இருவர் அழுகை.

இதோடு கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டோரை எட்டிப் பார்த்தால், தலையணைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறது! பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு செல்லம்.

"என்ன செல்லம் இது?" என்றாள், என்னோடு வந்த கெர்ட்ரூட்.

"இல்ல டீச்சரம்மா… புரொபசர் கள்ளன்தான், சரி. ஆனா இத்தன பேரு கும்பிட்ட தலகாணி. கொஞ்சமாச்சும் சக்தி ஏறியிருக்காதா?"

"தொரை இதத் தெனம் கட்டிப்பிடிச்சுப் படுத்தாரே. அவரு இப்ப எங்க?"

"ஜப்பான்காரன் புடிச்சு சாங்கி ஜெயில்ல போட்டுட்டான்னு சொல்றாங்க."

"தெனம் கட்டிப்பிடிச்சவரையே காப்பாத்தல. தூர நின்னு கும்பிடற ஒன்னக் காப்பாத்துமா?"

செல்லம் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். ஆனாலும் போகிறபோது திரும்பி, தலையணையை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனாள்.

எகிப்துக்காரன் செத்தவர்களுக்குத் துணி சுற்றினான். அது அவன் வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருக்கிறவர்களை அவிழ்த்துத் தலையணைக்குச் சுற்றியவர்கள் நாம்தான் ஐயா. துணிப் பஞ்சத்தை ஜப்பான்காரன் கொண்டுவந்தான், போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டான். புத்திப் பஞ்சத்தை ஏற்றிக்கொண்டு போக எந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?